ஜெனரிக் ஃபங்ஷனுக்கு என்ன பெயர் வைப்பது? பெயர் மோதலை எப்படித் தவிர்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயக்கோட்டை தக்காளி மண்டி, கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலை, தர்மபுரி பட்டுக்கூடு அங்காடி போன்ற இடங்களின் கணக்குக்கு நிரல் எழுதும் சின்னக் குழுக்களையும், கல்லூரியில் அதே மாதிரி ப்ராஜெக்ட் செய்பவர்களையும் மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. உதாரணங்களில் பெரும்பாலும் ஒரே நிரல்தான் வரும். அதில் மூன்று கிளாஸ்: தக்காளிப்பெட்டி, மாங்காய்லோடு, கூடுலாட். மொழிகளிலும் லைப்ரரிகளிலும் உள்ள பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது அவற்றின் அசல் எழுத்தில் தட்டுங்கள்.

ஜெனரிக் ஃபங்ஷன் என்றால் ஜாவாவில் வரும் ஜெனரிக்ஸ்தானே?

இல்லை, பெயர்தான் ஒன்று. 2004-இல் ஜாவா 5-உடன் வந்த ஜெனரிக்ஸ் என்பது, ஒரு பட்டியலுக்குள் என்ன டைப் இருக்கும் என்று கோண அடைப்புக்குள் சொல்லும் வசதி. இங்கே பேசுவது காமன் லிஸ்ப், ஆர், ஜூலியா மொழிகளில் உள்ள ஜெனரிக் ஃபங்ஷன். ஒரே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கும். எந்த கிளாஸ் ஆப்ஜெக்டைக் கொடுத்துக் கூப்பிடுகிறோமோ, அதற்கான மெத்தட் ஓடும்.

ஜாவாவில் ‘பெட்டி.எடை()’ என்று எழுதும்போது எடை என்ற பெயர் கிளாஸுக்குள் குடியிருக்கிறது. வேறு கிளாஸில் இன்னொரு எடை இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆரிலோ ஜூலியாவிலோ ‘எடை(பெட்டி)’ என்று எழுதுகிறோம். மெத்தட் கிளாஸுக்குச் சொந்தமில்லை, ஃபங்ஷனுக்குச் சொந்தம். ஃபங்ஷனின் பெயரோ பேக்கேஜின் பொது வெளியில் நிற்கிறது. அதே பெயரை இன்னொரு பேக்கேஜும் வைத்திருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஜாவாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதுத் தலைவலியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஜாவாவில் மோதலே கிடையாது என்றும் சொல்ல முடியாது. அங்கே கிளாஸ் பெயர்கள் மோதும்: டேட் என்ற கிளாஸ் யூட்டில் பேக்கேஜிலும் இருக்கிறது, எஸ்க்யூஎல் பேக்கேஜிலும் இருக்கிறது. லிஸ்ட் என்பது யூட்டிலிலும் ஏடபிள்யூடியிலும் இருக்கிறது.

புது ஃபங்ஷனுக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

பெயர் அழகாக இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். அந்தப் பெயரில் வரும் எல்லா மெத்தடும் ஒரே பொருளைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். ஜெனரிக் பெயர் என்பது கூப்பிடுகிறவருக்குக் கொடுக்கும் வாக்கு. உள்ளே என்ன கிளாஸ் என்று தெரியாமலே விடையை வாங்கி அடுத்த வரியில் பயன்படுத்த முடிய வேண்டும்.

‘விலை’ என்று ஒரு ஜெனரிக் வைத்தோம் என்று வையுங்கள். தக்காளி எழுதியவர் பெட்டி விலையைத் திருப்பித் தருகிறார், ஏனென்றால் மண்டியில் தக்காளி பெட்டிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. பட்டுக்கூடு எழுதியவர் கிலோ விலை தருகிறார், ஏலம் கிலோவுக்குத்தான். மாங்காய் எழுதியவர் லோடு முழுவதற்குமான தொகையைத் தருகிறார். மூன்றும் தனித்தனியாகச் சரி. மூன்றையும் ஒரு லூப்பில் போட்டுக் கூட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எரரும் வராது, எல்லாம் எண்கள்தானே. பெயர்களைத் தனித்தனி அறையில் வைக்கும் எந்த நேம்ஸ்பேஸ் ஏற்பாடும் இதைத் தடுக்காது. ‘கிலோ_விலை’, ‘மொத்த_விலை’ என்று இரண்டு ஜெனரிக்காகப் பிரித்து, ஒரு பெட்டி 25 கிலோ என்றால் 25-ஆல் வகுக்கும் வேலையைத் தக்காளி மெத்தடுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அலகு பெயரிலேயே தெரியட்டும். நீளமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

அடுத்தது, ரன், கெட், டேட்டா, ப்ராசஸ், செக், டெஸ்ட் போன்ற ஒற்றைச் சொற்கள். உலகத்தில் பாதி லைப்ரரிகள் இவற்றை எடுத்துவிட்டன. அதோடு இவை எதையும் சொல்வதுமில்லை. இரண்டு சொல் சேர்ந்த பெயர் மோதுவது அரிது: ‘தரம்_பிரி’, ‘கழிவு_எடை’, ‘ஏலத்_தொகை’. வெளியே எக்ஸ்போர்ட் செய்யாத உள் ஃபங்ஷன்களுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை, அங்கே சின்னப் பெயரே போதும்.

மொழியிலேயே ஏற்கெனவே உள்ள ஜெனரிக்கைப் பயன்படுத்தலாமா?

பொருள் பொருந்தினால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆரில் பிரிண்ட், சம்மரி, ஃபார்மட், ப்ளாட் எல்லாம் ஜெனரிக்குகள். மாங்காய் லோடைத் திரையில் காட்ட ‘லோடு_காட்டு’ என்று புதிதாக ஒன்று எழுதுவதைவிட, பிரிண்ட்டுக்கு ஒரு மெத்தட் எழுதினால் பயனர் கன்சோலில் பெயரைத் தட்டினாலே வேலை நடக்கும்.

பொருள் பொருந்தாவிட்டால் தொடவே கூடாது. பைத்தானில் லென் என்பது உறுப்புகளின் எண்ணிக்கை. பெட்டியின் எடையை லென் வழியாகத் தரலாமே என்று யாராவது டபுள்-அண்டர்ஸ்கோர் லென் மெத்தடில் 25.5 என்று திருப்பினால், டைப்எரர் வந்து நின்றுவிடும், ஏனென்றால் லென் முழு எண்தான் தர வேண்டும். அது நல்ல காலம். முழு எண்ணாக 25 என்று தந்தால் எரரே வராது, ஆனால் காலிப் பெட்டிக்கு 0 வரும். பூல் மெத்தட் தனியாக எழுதாத கிளாஸில், லென் 0 என்றால் பைத்தான் அந்த ஆப்ஜெக்டையே பொய் என்று எடுத்துக்கொள்ளும். ‘இஃப் பெட்டி:’ என்று, பெட்டி பதிவாகியிருக்கிறதா எனப் பார்க்க எழுதிய வரிகள் எல்லாம் காலிப் பெட்டியை அப்படியே தாண்டிப் போகும். திருப்பி வாங்க வேண்டிய காலிப் பெட்டிகள் கணக்கிலேயே வராது. இரவல் பெயரோடு அந்தப் பெயருக்கு மொழி கட்டியிருக்கும் மற்ற எல்லா நடத்தையும் கூடவே வரும்.

ஆர் மொழியில் பெயருக்கு நடுவே புள்ளி வைக்காதே என்கிறார்களே, ஏன்?

ஆரின் பழைய எஸ்3 முறையில் மெத்தடின் பெயர்தான் எல்லாம். ஜெனரிக் பெயர், ஒரு புள்ளி, கிளாஸ் பெயர்: ‘தரம்.மாங்காய்லோடு’. ஓட வேண்டிய மெத்தடைத் தேர்ந்தெடுக்கும் யூஸ்மெத்தட் என்ற ஃபங்ஷன் இந்தப் பெயரை ஒட்டித்தான் தேடுகிறது. ஆக, புள்ளி வைத்த எந்த ஃபங்ஷனும் தெரியாமலே மெத்தடாக மாறிவிடலாம்.

மொழிக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. ‘டி’ என்பது மேட்ரிக்ஸைத் திருப்பும் ஜெனரிக். ‘டி.டெஸ்ட்’ என்பது புள்ளியியலில் வரும் டி சோதனை. இரண்டுக்கும் உறவே கிடையாது. ஆனால் 2020-இல் ஆர் 4.0.0 வரும்வரை, யாராவது ‘டெஸ்ட்’ என்று ஒரு கிளாஸ் உருவாக்கி அந்த ஆப்ஜெக்டை ‘டி’யிடம் கொடுத்தால், அது டி.டெஸ்ட்டை மெத்தட் என்று எண்ணிக் கூப்பிட்டது. திருப்பிய மேட்ரிக்ஸ் வருவதற்குப் பதில் சோதனைதான் ஓடியது. சோர்ட்.லிஸ்ட் இன்னொன்று. அது லிஸ்டை வரிசைப்படுத்தும் மெத்தட் அல்ல. அதன் எரர் செய்தியே, நீங்கள் சோர்ட்டை ஒரு லிஸ்ட் மீது கூப்பிட்டீர்களா என்று கேட்கும் அளவுக்கு இந்தக் குழப்பம் வழக்கமானது.

பிரிண்ட்.டேட்டா.ஃப்ரேம் என்பதைப் பாருங்கள். பிரிண்ட் ஜெனரிக்கின் டேட்டா.ஃப்ரேம் மெத்தடா, பிரிண்ட்.டேட்டா என்ற ஜெனரிக்கின் ஃப்ரேம் மெத்தடா? பெயரை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனவே ஃபங்ஷன் பெயரிலும் கிளாஸ் பெயரிலும் அடிக்கோடு போடுங்கள். புள்ளியை ஜெனரிக்குக்கும் கிளாஸுக்கும் நடுவில் மட்டும் வையுங்கள்.

பேக்கேஜ் ஏற்றும்போது ‘மறைக்கப்பட்டது’ என்று செய்தி வருகிறது. கண்டுகொள்ள வேண்டுமா?

கண்டிப்பாக. ஆரில் அட்டவணைத் தரவைக் கையாளும் டிப்ளையர் பேக்கேஜை ஏற்றினால், ஆரோடு கூடவே வரும் ஸ்டாட்ஸ், பேஸ் பேக்கேஜ்களில் அதே பெயரில் உள்ளவை மறையும்: ஸ்டாட்ஸிலிருந்து ஃபில்டர், லேக் இரண்டும் மறைந்தன என்றும், பேஸிலிருந்து இன்டர்செக்ட், செட்டிஃப், செட்ஈக்வல், யூனியன் மறைந்தன என்றும் சொல்லும். கடைசியாக ஏற்றிய பேக்கேஜ்தான் முன்னால் நிற்கும். அதாவது உங்கள் நிரல் என்ன செய்யும் என்பதை லைப்ரரி வரிகளின் வரிசை தீர்மானிக்கிறது.

சத்தம் போடும் மோதல் பரவாயில்லை. செலக்ட் என்ற பெயர் டிப்ளையரிலும் மாஸ் பேக்கேஜிலும் இருக்கிறது. டிப்ளையருக்குப் பிறகு மாஸை ஏற்றிவிட்டு டிப்ளையரின் செலக்ட் என்று நினைத்து எழுதினால், ஆர்கியுமென்ட் ஒத்துவராமல் உடனே எரர் விழும். ஐந்து நிமிட வேலை. பயப்பட வேண்டியது சத்தமில்லாத மோதலுக்கு. லேக் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று நாள் தக்காளி கிலோ விலை 18, 22, 15 என்று வையுங்கள். முந்தைய நாளோடு வித்தியாசம் பார்க்க இப்படி எழுதுகிறோம்:

விலை – லேக்(விலை)

டிப்ளையரின் லேக் மதிப்புகளை ஓரிடம் தள்ளி வைக்கும்: (மதிப்பு இல்லை), 18, 22. விடை: (மதிப்பு இல்லை), 4, –7. இதுதான் நமக்கு வேண்டியது. டிப்ளையரை ஏற்ற மறந்தால் அதே வரி ஸ்டாட்ஸின் லேக்கிடம் போகும். அது காலத்தொடருக்காக எழுதப்பட்டது. மதிப்புகளை அசைக்காது, காலக்குறிப்பு என்ற அட்ரிப்யூட்டை மட்டும் நகர்த்தும். 18, 22, 15 அப்படியே இருக்கும். விடை: 0, 0, 0. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. விலையே மாறவில்லை என்று ரிப்போர்ட் போய்விடும். தக்காளி விலை மூன்று நாள் மாறாமல் இருந்தது என்றால் மண்டியில் இருக்கிறவர் சிரிப்பார், ஆனால் பால் கொள்முதல் விலை போல மெதுவாக மாறும் ஒன்றாக இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது.

தடுக்க எளிய வழி, இரட்டை முக்காற்புள்ளி போட்டு ‘டிப்ளையர்::லேக்’ என்று முழுப் பெயரை எழுதுவது. ஸ்கிரிப்ட் முழுக்க அப்படி எழுதச் சலிப்பாக இருந்தால் கான்ஃபிளிக்டட் என்ற பேக்கேஜை முதலில் ஏற்றுங்கள். அதற்குப் பிறகு ஏற்றிய இரண்டு பேக்கேஜில் ஒரே பெயர் இருந்து, நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், அது எரராகவே நின்றுவிடும். ஆர் 3.6.0 முதல் லைப்ரரி வரியிலேயே எவை வேண்டும், எவை வேண்டாம் என்று சொல்லவும் வசதி உண்டு. சொந்தப் பேக்கேஜ் எழுதுகிறவர்கள் நேம்ஸ்பேஸ் கோப்பில் முழுப் பேக்கேஜையும் இம்போர்ட் செய்யாமல் தேவையான பெயர்களை மட்டும் எடுங்கள். முழுதாக எடுத்தால், அந்தப் பேக்கேஜ் அடுத்த வெளியீட்டில் புதிதாகச் சேர்க்கும் ஒரு பெயர் உங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

எங்கள் குழுவில் இரண்டு பேர் ‘தரம்’ என்ற ஜெனரிக்கை இரண்டு பேக்கேஜில் தனித்தனியாக எழுதிவிட்டோம். இரண்டையும் ஏற்றினால் ஒன்று வேலை செய்யவில்லை.

பெயர் ஒன்று, ஃபங்ஷன் இரண்டு. தக்காளி பேக்கேஜின் மெத்தட் தக்காளி பேக்கேஜின் ‘தரம்’ ஜெனரிக்கிடம் பதிவாகியிருக்கிறது. மாங்காய் பேக்கேஜை அடுத்து ஏற்றியதும் அதன் ‘தரம்’ முன்னால் வந்து நிற்கிறது. அதற்குத் தக்காளிப்பெட்டி என்றால் யாரென்றே தெரியாது. மெத்தட் இருந்தும் ‘பொருத்தமான மெத்தட் இல்லை’ என்று எரர் வருவதன் காரணம் இதுதான்.

இதில் ஆளை ஏமாற்றும் ஒரு விஷயம்: எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் வைத்திருந்தவரை ஓடியிருக்கும். எஸ்3 முதலில் கூப்பிட்ட இடத்திலிருந்து தெரியும் பெயர்களில் தேடுகிறது, அங்கே இல்லாவிட்டால்தான் ஜெனரிக் பிறந்த இடத்தின் பதிவேட்டைப் பார்க்கிறது. ஸ்கிரிப்டில் மெத்தட் கண்ணெதிரே இருந்ததால் கிடைத்தது. பேக்கேஜாகக் கட்டி, மெத்தடைப் பதிவு மட்டும் செய்து, எக்ஸ்போர்ட் செய்யாமல் விட்டதும் அந்த வழி அடைபட்டது. ‘நேற்று ஓடியதே’ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தீர்வு, ஜெனரிக்குகளை மட்டும் வைத்த மூன்றாவது சின்னப் பேக்கேஜ். அதில் கிளாஸ் இருக்காது, கணக்கு இருக்காது. ‘தரம்’, ‘கிலோ_விலை’, ‘மொத்த_விலை’ என்ற பெயர்களும், ஒவ்வொன்றும் எந்த அலகில் என்ன தர வேண்டும் என்ற விளக்கமும் மட்டும் இருக்கும். மற்ற இரண்டும் அதிலிருந்து இம்போர்ட் செய்து மெத்தட் எழுத வேண்டும். உயிரியல் தரவுக்கான பயோகண்டக்டர் திட்டத்தில் பயாக்ஜெனரிக்ஸ் என்ற பேக்கேஜ் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆரில் ஜெனரிக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு பொதுப் பேக்கேஜும் உண்டு. அந்தச் சின்னப் பேக்கேஜ் வேறு எதையும் சார்ந்திருக்கக் கூடாது. சார்ந்திருந்தால் யாரும் சேர்த்துக்கொள்ள யோசிப்பார்கள்.

இரண்டு ‘தரம்’களும் வெவ்வேறு பொருள் என்றால், உதாரணமாக ஒன்று முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று சொல்கிறது, மற்றொன்று கூழின் பிரிக்ஸ் அளவை, அதாவது இனிப்பின் அளவை, தருகிறது என்றால், இணைக்கவே கூடாது. ஒன்றின் பெயரை மாற்றுங்கள்.

ஆர்கியுமென்ட் பட்டியல் எப்படி இருக்க வேண்டும்?

ஜெனரிக்கில் குறைவாக. எல்லா மெத்தடுக்கும் பொதுவானவை மட்டும், பிறகு மீதியை வாங்கிக்கொள்ளும் மூன்று புள்ளி. காமன் லிஸ்பில் மெத்தடின் ஆர்கியுமென்ட் அமைப்பு ஜெனரிக்கோடு ஒத்துப்போகாவிட்டால் வரையறுக்கும்போதே எரர். ஆரில் ஓடும்போது தெரியாது, பேக்கேஜ் செக் செய்யும்போதுதான் ஜெனரிக்கும் மெத்தடும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கும். மூன்று புள்ளிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ‘அளவுகோல்’ என்பதை ‘அளவுகோள்’ என்று தவறாகத் தட்டினாலும் விழுங்கிவிட்டு, டிஃபால்ட் மதிப்பில் ஓடும். மெத்தடுக்குள் சிஎச்கே-டாட்ஸ் என்ற பேஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் வேண்டாத ஆர்கியுமென்டைச் சுட்டிக்காட்டும்.

ஜூலியாவில் இதே சிக்கல் வருமா?

வரும், ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்காது. யூஸிங் போட்டு ஏற்றிய இரண்டு மாட்யூல் ஒரே பெயரை எக்ஸ்போர்ட் செய்தால், எது என்று முழுப் பெயரால் சொல் என்று நிற்கும். இன்னொரு மாட்யூலின் ஜெனரிக்குக்கு மெத்தட் சேர்க்க, அதை இம்போர்ட் செய்ய வேண்டும், அல்லது ‘மண்டி.தரம்’ என்று மாட்யூல் பெயரோடு எழுத வேண்டும். இரண்டாவது முறையே மேல். படிக்கிறவருக்கு இது புது ஃபங்ஷன் அல்ல, இருப்பதன் நீட்சி என்று அந்த வரியிலேயே தெரியும்.

ஜூலியாக்காரர்கள் டைப் பைரஸி என்று ஒன்றைச் சொல்வார்கள். ஃபங்ஷனும் உங்களுடையது இல்லை, டைப்பும் உங்களுடையது இல்லை, ஆனாலும் அந்த டைப்புக்கு அந்த ஃபங்ஷனில் மெத்தட் எழுதுகிறீர்கள். உதாரணமாக, பேஸில் உள்ள கூட்டல் குறிக்கு இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒட்டும் மெத்தட். உங்கள் நிரலில் வசதிதான். அதே பிராசஸில் ஓடும் மற்ற எல்லாப் பேக்கேஜிலும் கூட்டலின் பொருள் மாறிவிடும். ஃபங்ஷனோ டைப்போ, இரண்டில் ஒன்றாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. எந்த மொழியானாலும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் இதற்குக் கொடுத்த விலை பெரிது. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி, மொழிக்குச் சொந்தமான, எல்லா அர்ரேக்களுக்கும் பொதுவான அர்ரே ப்ரோட்டோடைப்பிலேயே ஃப்ளாட்டன் என்று ஒரு மெத்தடைச் சேர்த்திருந்தது. பிறகு மொழியிலேயே அந்த வசதியைக் கொண்டுவர முயன்றபோது, பழைய தளங்கள் உடைந்துபோகும் என்று 2018-இல் தெரியவந்தது. கடைசியில் ஃப்ளாட் என்று வேறு பெயரில்தான் வந்தது.

பைத்தானில் என்னென்ன இடத்தில் இடறும்?

ஜெனரிக் ஃபங்ஷனுக்கு, மொழியோடு வரும் ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் சிங்கிள்டிஸ்பேட்ச் இருக்கிறது, பைத்தான் 3.4 முதல். முதல் ஆர்கியுமென்டின் கிளாஸை மட்டும் பார்க்கும். கிளாஸுக்குள் வைக்க சிங்கிள்டிஸ்பேட்ச்மெத்தட் 3.8-இல் வந்தது.

இடறுவது பெரும்பாலும் கோப்புப் பெயரில். ரேண்டம், ஸ்டாடிஸ்டிக்ஸ், ஈமெயில் என்று உங்கள் கோப்புக்குப் பெயர் வைத்தால், அதே ஃபோல்டரில் ஓடும் நிரல் இம்போர்ட் செய்யும்போது மொழியின் மாட்யூலுக்குப் பதில் உங்கள் கோப்பு வரும். ‘ரேண்டம் மாட்யூலில் ரேண்ட்இன்ட் என்ற அட்ரிப்யூட் இல்லை’ என்று எரர் வந்தால் முதலில் ஃபோல்டரைப் பாருங்கள். 3.13 முதல் அந்த எரர் செய்தியே, உங்கள் கோப்பின் பெயர் மொழியின் மாட்யூலோடு மோதுகிறதோ என்று குறிப்புக் கொடுக்கிறது.

நட்சத்திர இம்போர்ட் வேண்டாம். ஓஎஸ் மாட்யூலை அப்படி எடுத்தால் அதன் ஓப்பன் வந்து, கோப்பு திறக்கும் வழக்கமான ஓப்பனை மறைத்துவிடும். சம், மேக்ஸ், லிஸ்ட், ஐடி, டைப் என்று வேரியபிளுக்குப் பெயர் வைப்பதும் இதே வகை. மேலே ‘சம் = 0’ என்று எழுதிவிட்டு, 40 வரி தள்ளி சம் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், இன்ட் ஆப்ஜெக்டைக் கூப்பிட முடியாது என்று வரும்.

வேறொருவர் எழுதிய கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்யும்போது, அவர் உள்ளுக்குள் வைத்திருக்கும் பெயரை நீங்கள் தெரியாமல் மிதித்துவிடலாம். முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டால், தக்காளிப்பெட்டி கிளாஸில் உள்ள ‘__எடை’ உள்ளே ‘_தக்காளிப்பெட்டி__எடை’ என்று மாறிவிடும், எனவே மோதாது. இது ரகசியம் காக்க அல்ல, மோதலைத் தவிர்க்கத்தான். ஜாவாவில் பெற்றோர் கிளாஸின் மெத்தடை வேண்டுமென்றே மாற்றி எழுதும்போது ஓவர்ரைடு குறிப்பை மறக்காமல் போடுங்கள். கோட்லினில் அது கட்டாயமே.

சி++ இல் ‘யூஸிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி’ போடலாமா?

மொழியின் லைப்ரரிப் பெயர்கள் இருக்கும் எஸ்டிடி நேம்ஸ்பேஸ் முழுவதையும் திறந்துவிடும் வரி அது. ஹெடர் கோப்பில் ஒருபோதும் கூடாது, அதைச் சேர்க்கும் எல்லாக் கோப்புக்கும் பரவும். மற்ற இடத்திலும் தவிர்ப்பது நல்லது. கவுண்ட், டிஸ்டன்ஸ் போன்ற சாதாரணச் சொற்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. சி++17-இல் சைஸ், டேட்டா, பைட் என்று மேலும் சேர்ந்தன. அந்த பைட், விண்டோஸ் ஹெடரில் முன்பே இருந்த பைட்டோடு மோதி, அதுவரை கம்பைல் ஆன பல நிரல்கள் நின்றன. உங்கள் கிளாஸுக்கு ஸ்வாப் (இரண்டு ஆப்ஜெக்டை இடம் மாற்றும் ஃபங்ஷன்) எழுதுவதானால் கிளாஸ் இருக்கும் நேம்ஸ்பேஸிலேயே எழுதுங்கள். ஆர்கியுமென்டின் நேம்ஸ்பேஸிலும் தேடுவது சி++ வழக்கம், எனவே தானாகக் கிடைக்கும்.

நேம்ஸ்பேஸ் இல்லாத சி போன்ற மொழியில் முன்னொட்டு வைத்தால் போதுமா?

போதும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் ஃபங்ஷன்கள் எல்லாம் ‘எஸ்க்யூலைட்3_’ என்றும், திரை இடைமுகத்துக்கான ஜிடிகேயில் ‘ஜிடிகே_’ என்றும் ஆரம்பிக்கின்றன. ஆனால் எதை முன்னொட்டாக வைப்பது என்பதில் கவனம் வேண்டும். பர்கூர் என்று மட்டும் சொன்னால் கிருஷ்ணகிரி மாவட்டப் பர்கூரா, ஈரோடு மாவட்டத்தில் மாட்டுக்குப் பேர்போன மலைப் பர்கூரா என்று தெரியாது, மாவட்டத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் தெரியும். அந்த மாவட்டப் பெயரே மாறக்கூடியது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது, அதுவரை ‘தர்மபுரி’ என்று போட்ட பர்கூரும் ஓசூரும் இடம் மாறின. நிறுவனம், வாடிக்கையாளர், ஊர் ஆகியவற்றின் பெயரை முன்னொட்டாக வைத்தால் இதே கதிதான். நிரலின் பெயரை வையுங்கள், ‘மண்டி_’ என்பது போல. மூன்று நான்கு எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தமிழிலேயே ஃபங்ஷன் பெயர் வைக்கலாமா? அதில் மோதல் வருமா?

பைத்தான் 3, ஜூலியா, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் ஏற்கும். ரஸ்ட் 2021-இல் வந்த 1.53 பதிப்பிலிருந்து ஏற்கிறது. ஆனால் ஒரு நுணுக்கம்: ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். பைத்தான், ஜூலியா, ரஸ்ட் மூன்றும் பெயர்களை ஒருமைப்படுத்தி, இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் பார்க்காது. அங்கே திரையில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு ‘கொள்முதல்’ இரண்டு வேறு பெயர்கள்.

பைத்தானிலும் ஸ்ட்ரிங்குக்கு இந்த ஒருமைப்படுத்தல் கிடையாது. கெட்-அட்ர் மூலம் மெத்தடைப் பெயரால் தேடினாலும், டிக்ஷனரியில் சாவியாக வைத்தாலும், யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் முதலில் கொடுத்து எடுங்கள். யூனிகோட் ஒருமைப்படுத்தல் வடிவங்களில், ஃபங்ஷன் பெயருக்குப் பைத்தான் பயன்படுத்தும் என்எஃப்கேசி வடிவத்தைக் கேளுங்கள். இதுவும் காப்பாற்றாத ஒரு இடம் ஔகாரம். ஔ என்ற தனி எழுத்தும், ஒ, ள என்று இரண்டாகத் தட்டியதும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று, ஒருமைப்படுத்தினாலும் ஒன்றாகாது. பெயரில் ஔகாரம் வராமல் பார்த்துக்கொள்வதே நிம்மதி.

எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆரில் ஃபங்ஷன் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் கடைசி வரியில் நேம்ஸ்பேஸ் தெரியும். கான்ஃபிளிக்ட்ஸ் ஃபங்ஷனில் டீட்டெயில் கேட்டால் மோதும் பெயர்கள் எல்லாம் வரும். கெட்எனிவேர், மறைந்திருப்பதையும் தேடிக் கொடுக்கும். பைத்தானில் ஃபங்ஷனின் டபுள்-அண்டர்ஸ்கோர் மாட்யூலையும், மாட்யூலின் டபுள்-அண்டர்ஸ்கோர் ஃபைலையும் பிரிண்ட் செய்யுங்கள். ஜூலியாவில் அட்-விச் மேக்ரோ, ஓடப்போகும் மெத்தட் எந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது என்பதையே சொல்லிவிடும்.

வெளியிட்ட பிறகு ஜெனரிக்கின் பெயரை மாற்ற வேண்டியிருக்கிறது. எப்படி?

சாதாரண ஃபங்ஷன் என்றால் சுலபம். பழைய பெயரை வைத்துக்கொண்டு, அது எச்சரித்துவிட்டுப் புதியதைக் கூப்பிடட்டும். ஆரில் டெப்ரிகேட்டட் ஃபங்ஷன் உண்டு. பைத்தானில் வார்னிங்ஸ் மாட்யூலில் ஸ்டாக்லெவல் 2 கொடுங்கள், இல்லாவிட்டால் எச்சரிக்கை உங்கள் கோப்பின் வரியைக் காட்டும், கூப்பிட்டவரின் வரியைக் காட்டாது. டெப்ரிகேஷன் எச்சரிக்கை, பயனர் நேரடியாக ஓட்டும் கோப்பைத் தவிர மற்ற இடங்களில் இயல்பாக மறைந்தே இருக்கும் என்பதால், மாற்றத்தை வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதுங்கள்.

ஜெனரிக் என்றால் கூடுதல் சிக்கல். ‘விலை’யை ‘மொத்த_விலை’ என்று மாற்றினீர்கள், பழைய ‘விலை’யை வெறும் கூப்பிடும் உறையாக ஆக்கிவிட்டீர்கள். வெளியே யாரோ புளிமூட்டை கிளாஸுக்கு ‘விலை’ மெத்தட் எழுதி வைத்திருந்தால், அது இனி ஓடவே ஓடாது. எனவே பழையதும் ஜெனரிக்காகவே தொடர வேண்டும். அதன் டிஃபால்ட் மெத்தட் புதியதைக் கூப்பிடலாம். புதியதைக் கூப்பிடுகிறவருக்கும் பழைய மெத்தட் கிடைக்க வேண்டுமென்றால், புதியதன் டிஃபால்ட், அந்த கிளாஸுக்குப் பழைய பெயரில் மெத்தட் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் மட்டும் அங்கே அனுப்ப வேண்டும். பார்க்காமல் அனுப்பினால், இரண்டு டிஃபால்டும் ஒன்றையொன்று கூப்பிட்டு ஸ்டாக் நிரம்பும் வரை சுற்றும். ஆரில் கெட்எஸ்3மெத்தட் ஃபங்ஷனில் ஆப்ஷனல் என்பதை உண்மை என்று கொடுத்தால், மெத்தட் இல்லாதபோது எரர் போடாமல், ஒன்றுமில்லை என்று பொருள்படும் ‘நல்’ (வெற்று) மதிப்பைத் தரும். அந்தச் சோதனைக்கு அதுவே போதும்.